வச்சது வச்சபடி

தம்பிகளே, நீங்கள் எல்லோரும் வாய்க்கு வாய் சொல்கிற ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். "வண்டியில ஒண்ணும் இல்லிங்க." பிளக்கைக் கழற்றுகிறீர்கள், பொறி வருகிறது. டியூபைப் பிடுங்குகிறீர்கள், பெட்ரோல் வருகிறது. ஒரு உதை விட்டால் வண்டி கிளம்பிவிடுகிறது. உடனே கையைத் துடைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தைச் சொல்லி ஆளை அனுப்பிவிடுகிறீர்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். கடைசியாகச் சொன்னது இலுப்பூரில், ஒரு டாக்டர் வீட்டு வாசலில். அதற்குப் பிறகு முப்பது வருஷம் ஸ்பேனர் பிடித்தேன். அந்த வாக்கியம் மட்டும் என் வாயில் வரவே இல்லை. ஏன் என்று சொல்கிறேன், டீயை ஆறவிட்டுவிட்டு என்னைக் குறை சொல்லாதீர்கள்.

புதுக்கோட்டை சமஸ்தானம் முடிந்து எட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்த காலம் அது. யுத்தத்துக்குப் பிறகு பட்டாளத்தார் ஏலத்தில் தள்ளிவிட்ட மோட்டார் சைக்கிள்கள் நம் பக்கமும் வந்து சேர்ந்திருந்தன. யானைக்குட்டி மாதிரி கனம், உதைத்தால் திருப்பி உதைக்கும் குணம். அவற்றை வழிக்குக் கொண்டுவர ஜில்லாவில் நாலைந்து பேர்தான் இருந்தோம். அதில் நான் ஒருவன் என்பதால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் என் பட்டறை இருந்தது. என் பெயர் யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் நான் பாய்தான்.

இலுப்பூர் டாக்டரிடம் அப்படி ஒரு பட்டாளத்து வண்டி இருந்தது. முப்பது வயதுகூட ஆகாத மனிதர். பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் கரடுமுரடான பாதையில் ஊர் ஊராகப் போவார். சுற்றுவட்டாரத்தில் வேறு டாக்டர் கிடையாது. மாட்டு வண்டி ரெண்டரை மணி நேரத்தில் போகிற இடத்துக்கு அவர் அரை மணியில் போய்விடுவார். எத்தனையோ வீட்டில் உயிர் தங்கியது அவர் படிப்பால் பாதி, அந்த வண்டியால் பாதி. இதை அவரே சொல்லுவார்.

அந்த வண்டி ஒரு இடத்தில் நிற்க ஆரம்பித்தது.

இலுப்பூரிலிருந்து கிழக்கே போகிற மண்பாதையில் ஒரு ஓடை இறங்கி, அப்புறம் செங்குத்தாக ஒரு மேடு ஏறும். மேட்டு உச்சியில் கருப்பர் கோயில். கோயில் என்றால் கட்டடம் இல்லை, ஒரு வேப்பமரம், நட்டு வைத்த அரிவாள்கள், வரிசையாக மண்குதிரைகள். அதனால் குதிரை மேடு என்று பேர். அங்கிருந்து பார்த்தால் நார்த்தாமலைக் குன்றுகள் மொட்டையாகத் தெரியும். மனித வாடையே இருக்காது. தை மாதத்தில் அந்த மேட்டில்தான் ஒரு பெண் இறந்துபோனாள். நிறைமாதம், வலி கண்டு, மாட்டு வண்டியில் டாக்டரிடம் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். வேறு ஊருக்குப் போயிருந்த டாக்டர் தகவல் கேட்டு மோட்டார் சைக்கிளில் எதிரே விரைந்தார். மேட்டில் வண்டியைப் பார்த்து இறங்கிக் கையைப் பிடித்தபோது நாடி இல்லை. வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்கள் கை நிறைய இருந்தன. வலியில் வண்டிச் சட்டத்தைப் பிடித்து அழுத்தியதில் பாதி உடைந்து கீழே சிதறிக் கிடந்தனவாம்.

அதிலிருந்து டாக்டருக்குத் தூக்கம் போய்விட்டது. மாசி பிறந்ததும் வண்டி நிற்கத் தொடங்கியது. மதியம் டிஸ்பென்சரியை மூடிவிட்டுக் கிழக்கே கிளம்புவார். ஓடை தாண்டி மேடு ஏறும்போது வண்டி இருமும், உச்சிக்கு வந்ததும் குதிரைகளுக்கு எதிரே நின்றுவிடும். எத்தனை உதைத்தாலும் கிளம்பாது. வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு நடந்து போவார். வேலை முடிந்து திரும்பி வந்து உதைத்தால் ஒன்றும் நடக்காத மாதிரி கிளம்பும். போகும்போது மட்டும்தான் நிற்கும், வரும்போது ஒருநாளும் நின்றதில்லை. ஊர்க்காரர்கள் வேறென்ன சொல்வார்கள்? அன்றைக்கு நேரத்துக்கு வராத டாக்டரை அந்தப் பெண் வழிமறிக்கிறாள் என்றார்கள்.

மூன்று தரம் நின்ற பிறகு எனக்குச் சொல்லி அனுப்பினார். சித்திரை மாதம், பஸ்ஸில் போய் இறங்கினேன். வண்டி வாசலில் நின்றது. உதைத்தேன், கிளம்பியது. இலுப்பூர்த் தெருக்களில் ரெண்டு சுற்று சுற்றினேன், குதிரை மாதிரி ஓடியது. பொறி கொடுக்கிற மேக்னெட்டோ, பிளக், கார்புரேட்டர் எல்லாம் பார்த்தேன். டாங்க் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டுப் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தேன். அதோடு சரி. என்ஜின் தகட்டில் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டதுதான் மிச்சம். டாக்டர் உட்காரவைத்து, கறுப்புப் பட்டு நூலால் ரெண்டு தையல் போட்டார். முதலில் ரெண்டு சுற்று, பிறகு எதிர்ப்பக்கமாக ஒரு சுற்று. இரும்பைப் பிடித்தே பழகிய எனக்கு அந்த விரல்களின் வேகம் வேடிக்கையாக இருந்தது.

"இது அவிழாது பாய். நீங்க ஸ்பேனர் பிடிச்சாலும் அவிழாது," என்றார். நூலைக் கத்தரித்துக்கொண்டே, "ஒரு தடவை குதிரை மேடு வரைக்கும் ஓட்டிப் பாத்துடலாமா?" என்று கேட்டார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. என்னையும் பேய்க்கதைக்கு ஆள் சேர்க்கிறாரே என்று நினைத்தேன். புதுக்கோட்டை பஸ்ஸுக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது.

"வண்டிக்கு மேடும் தெரியாது, குதிரையும் தெரியாது டாக்டர். இங்கிட்டு ஓடுறது அங்கிட்டும் ஓடும். வண்டியில ஒண்ணும் இல்ல."

அப்போது அவருடைய சம்சாரம் காப்பி கொண்டுவந்து வைத்தார். இருபத்திரெண்டு வயது இருக்கும், கல்யாணமாகி ஒன்றரை வருஷம். டாக்டர் உள்ளே கை கழுவப் போனதும் நிலைப்படியில் நின்றபடியே மெதுவாகக் கேட்டார்.

"உள்ள இருக்கிறதெல்லாம் பத்திரமா இருக்கா பாய்?"

என்ஜினைக் கேட்கிறார் என்று நினைத்தேன். பெண்பிள்ளைக்கு என்ன தெரியும் என்ற இளக்காரமும் இருந்தது. "உள்ள இருக்கிறது எதையும் நான் தொடலைம்மா. வச்சது வச்சபடி இருக்கு," என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. ஒரு பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர் மாதிரி மூச்சு விட்டார். என்ஜினுக்காக ஒரு பெண் இவ்வளவு கவலைப்பட வேண்டுமா என்று ஒரு விநாடி தோன்றியது. தோன்றியதைக் கேட்டிருக்கலாம். காப்பியைக் குடித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

மறுநாளே கிழக்கேயிருந்து பிரசவத்துக்கு ஆள் வந்தது. பாய் பார்த்துவிட்டார் என்ற நம்பிக்கையில் டாக்டர் மாட்டு வண்டி கேட்காமல் மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். குதிரை மேட்டில் நின்றது. அங்கிருந்து நாலு மைல், உச்சி வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். தாய் பிழைத்தாள். குழந்தை கழுத்தில் கொடி சுற்றி, மூச்சில்லாமல் வெளியே வந்தது. கொஞ்சம் முன்னால் போயிருந்தால் கொடியை விலக்கியிருப்பார்.

எனக்கு இது மூன்றாம் நாள்தான் தெரியும். இலுப்பூரிலிருந்து பஸ்ஸில் ஒரு ஆள் வந்து, டாக்டர் ஊரைவிட்டுப் போகிறார், வண்டியை எடுத்துக்கொண்டு போய் விற்றுவிடச் சொன்னார் என்றான். அவனோடு பஸ்ஸில் இலுப்பூர் போகும்போது குழந்தை விஷயத்தையும் சொன்னான். தம்பிகளே, அந்த பஸ்ஸில் நான் உட்கார்ந்திருந்த இருப்பை உங்களுக்கு எப்படிச் சொல்வது? என் வாக்கியத்தை நம்பி ஒருத்தர் போயிருக்கிறார், ஒரு பிள்ளை கண் திறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்க்கவே வெட்கமாக இருந்தது.

டாக்டர் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் திட்டவில்லை, கதவைச் சாத்திவிட்டு வந்து தாழ்ந்த குரலில் பேசினார்.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன் பாய். வண்டி நின்னதும் வளையல் சத்தம் கேக்குது."

"யாராச்சும் ஆடு மேய்க்கிற பொண்ணா இருக்கும் டாக்டர்."

"யாரும் இல்ல. வண்டியத் தள்ளுறேன், பக்கத்துலயே கூட நடந்து வர்ற மாதிரி கேக்குது. நிறைமாசக்காரி நடந்தா கை வளையல் எப்படிக் கேக்கும்? அப்படி. நான் படிச்சவன், பேய் பிசாசு எதையும் நம்பாதவன். ஆனா காது கேக்குதே, அதுக்கு நான் என்ன பண்றது? இனிமே அந்தப் பாதையில என்னால போக முடியாது. போகாம இந்த ஊர்ல டாக்டரா இருக்கவும் முடியாது."

பேசிக்கொண்டே எடுத்த புத்தகத்தை அவர் கை நழுவவிட்டது. மூன்று நாளைக்கு முன் என் விரலில் அத்தனை லாவகமாகத் தையல் போட்ட கை அது.

அப்போது வாசலில் ஆள் வந்து நின்றது. குழந்தையைப் பறிகொடுத்த அதே வீட்டு ஆள். தாய்க்குக் குளிர் காய்ச்சல், உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது என்றான். டாக்டர் முகம் வெளுத்தது. தாமதித்தால் தாயும் போய்விடுவாள் என்று அவருக்குத் தெரியும். மாட்டு வண்டி பூட்டச் சொல்லி உள்ளேயிருந்து பையை எடுத்தார்.

"மாட்டு வண்டி போய்ச் சேர ரெண்டரை மணி நேரம் ஆகும் டாக்டர். நான் ஓட்டுறேன், நீங்க பின்னால உக்காருங்க. நின்னா நிக்கட்டும், மேடு வரைக்குமாவது சீக்கிரம் போயிடலாம்."

அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து பின்னால் உட்கார்ந்தார். கிளம்பும்போது அவர் சம்சாரம் ஜன்னலில் நின்று வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உச்சிப்பொழுது. பாதையில் ஒரு காக்கை இல்லை. ஓடையில் இறங்கி மேடு ஏறினேன். சொல்லிவைத்த மாதிரி பாதி மேட்டில் என்ஜின் இருமியது. கடைசிக் குதிரைக்கு எதிரே நின்றது. நின்றதும் அந்த இடத்தில் கவிந்த அமைதியை நான் வேறெங்கும் கண்டதில்லை. வேப்பிலைகூட அசையவில்லை. குதிரைகள் எல்லாம் பற்களைக் காட்டிக்கொண்டு எங்களையே பார்த்தன.

டாக்டர் இறங்கினார். "நீங்க பாருங்க. நான் நடக்குறேன்," என்று மட்டும் சொன்னார். திரும்பிப் பார்க்காமல் வேகமாகப் போனார், வளைவில் மறைந்தார்.

நான் வண்டியை நிழலுக்குத் தள்ளினேன். கேட்டது.

கிலுங். கிலுங்.

கண்ணாடி வளையல்தான், சந்தேகமே இல்லை. என் இடுப்புக்குப் பக்கத்தில், கூட நடந்து வருகிறவள் கையிலிருந்து வருகிற மாதிரியே கேட்டது. நான் நின்றேன். நான் நின்ற பிறகும் ஒரு தரம் கேட்டு அடங்கியது. எனக்கு மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. பிஸ்மில்லா என்று சொல்ல வாயெடுத்தால் குரல் வரவில்லை. மூன்று நாளைக்கு முன் மேடும் தெரியாது குதிரையும் தெரியாது என்று பேசிய வாய்தான். வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடத்தான் நினைத்தேன். ஓடாததற்குக் காரணம் தைரியம் இல்லை. கால் வரவில்லை.

ஓட முடியாமல் நின்ற அந்த நேரத்தில்தான் பட்டறைப் புத்தி மெல்லத் தலைதூக்கியது. என்ன சத்தம் என்று பயப்படுவதை விட்டுவிட்டு, எங்கிருந்து வருகிறது என்று கேள் என்றது. நம் தொழிலில் தினமும் செய்கிற வேலைதானே அது? வண்டியை ஒரு அடி தள்ளினேன், கேட்டது. நிறுத்தினேன், அடங்கியது. வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு நான் மட்டும் பத்து அடி நடந்து பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்து ஹாண்டில்பாரைப் பிடித்து ஆட்டினேன். கிலுங். என்னோடு யாரும் நடந்து வரவில்லை. சத்தம் வண்டிக்குள் இருந்தது. காதை டாங்க்கில் வைத்து ஆட்டினேன்.

அந்தப் பெண் டாங்க்குக்குள் இருந்தாள். சத்தியமாக எனக்கு அப்படித்தான் தோன்றியது.

பெட்ரோல் டியூபைப் பிடுங்கினேன். சொட்டு வந்து நின்றுவிட்டது. டாங்க்கிலோ அரைக்கு மேல் பெட்ரோல். கம்பியை வளைத்து மூடி வழியாக விட்டுத் துழாவினேன். மெத்தென்று ஏதோ மாட்டியது. மெல்ல இழுத்தேன். மஞ்சள் துணி முடிச்சு ஒன்று சொட்டச் சொட்ட வெளியே வந்தது.

நம் பக்கத்து ஆள் எவனுக்கும் அது என்ன என்று தெரியும். பிடிமண். சாமி இருக்கிற இடத்தில் ஒரு பிடி மண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, காப்பாற்ற வேண்டிய இடத்தில் வைப்பது. நேர்ந்துகொண்டதை வெளியே சொன்னால் பலிக்காது என்பதால் வைத்தவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். உள்ளே செம்மண்ணும் குங்குமமும் இருந்தன. மண்ணோடு மண்ணாக அள்ளப்பட்ட ஒரு பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு துணியைக் கிழித்து முனையை நீட்டிக்கொண்டிருந்தது.

எல்லாம் எனக்கு விளங்கிவிட்டது. டாக்டர் சம்சாரம் நிலைப்படியில் நின்று கேட்டது என்ஜினைப் பற்றி இல்லை, இதைப் பற்றி. சமதரையில் முடிச்சு டாங்க்கில் எங்கேயோ கிடக்கும். மேடு ஏறும்போது சரிந்து பின்னால் வந்து, பெட்ரோல் இறங்கும் துவாரத்தில் அப்பிக்கொள்ளும். திரும்பி வரும்போது அதே மேடு இறக்கம், முடிச்சு முன்னால் போய்விடும். அந்தத் துவாரத்தின் மேல் விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைச் சல்லடை இருக்க வேண்டும். அது இருந்திருந்தால் எந்தத் துணியாலும் துவாரத்தை மூடியிருக்க முடியாது. துரு அடைத்துத் தொல்லை கொடுக்கிறது என்று முந்தின வருஷம் அதைப் பிடுங்கி எறிந்தவன் நான்தான். வேறு போடுகிறேன் என்று சொன்னவனும் நான்தான், போடவில்லை.

ஒன்று மட்டும் இன்றுவரை விளங்கவில்லை. உள்ளே இருந்தது ஒரே ஒரு துண்டு. நாங்கள் ரெண்டு பேரும் கேட்டது ஒரு கை வளையல். தகர டாங்க் சத்தத்தைப் பெருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

முடிச்சை என் ஸ்பேனர் பையில் போட்டேன், வளையல் துண்டைச் சட்டைப்பையில் வைத்தேன். உதைத்தேன், கிளம்பியது. ரெண்டு மைல் தாண்டி டாக்டரைப் பிடித்தேன். வெயிலில் தலைக்குத் துண்டுகூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தார். வண்டிச் சத்தம் கேட்டுத் திரும்பிய முகத்தை மறக்கமாட்டேன்.

"என்ன இருந்துச்சு பாய்?"

யோசிக்க நேரம் இல்லை. அந்த மனிதரிடம் உங்கள் சம்சாரம் வைத்தது என்று சொன்னால், அந்தக் குழந்தையின் சாவு இருபத்திரெண்டு வயதுப் பெண் தலையில் விழும். அந்த வீட்டில் அதற்குப் பிறகு யார் முகத்தை யார் பார்ப்பார்கள்? ஒன்றுமில்லை, தானாகச் சரியாகிவிட்டது என்றால், இவர் அந்தப் பெண்தான் நிறுத்தினாள் என்று நம்பிக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விடுவார்.

"என் கைத்துணி டாக்டர். போன வருஷம் டாங்க்கைக் கழுவுனப்ப உள்ள விட்டுட்டேன். சல்லடையும் நான் போடல. அதான் மேட்டுல அடைச்சிருக்கு."

அவர் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு சொன்னார். "அப்ப அந்தப் பிள்ளை ஒங்க கவனக்குறைவுலதான் போச்சு."

"ஆமா டாக்டர்."

பின்னால் ஏறி உட்கார்ந்தார். அந்த வீட்டில் அந்தத் தடுமாற்றம் எல்லாம் எங்கே போனதோ, ஊசி போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து, காய்ச்சல் இறங்கும்வரை எழுந்திருக்கவில்லை. அந்தத் தாய் பிழைத்துக்கொண்டாள். எனக்கு மோர் கொடுத்தார்கள். வாங்கிக் குடிக்கும்போது டாக்டர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கிரீஸைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

வெயில் தாழ்ந்து திரும்பினோம். குதிரை மேட்டில் வந்ததும், இறக்கத்தில் என்ஜினை அணைத்து உருட்டுகிற பழக்கத்தில் அணைத்துவிட்டேன். சத்தம் அடங்கியது. என் சட்டைப்பையில் பிளக் ஸ்பேனரும் வளையல் துண்டும் ஒன்றாகக் கிடந்ததை மறந்துபோயிருந்தேன்.

கிலுங்.

என் தோளில் இருந்த அவர் கை இறுகியது. "கேக்குதா பாய்?"

நான் சட்டைப்பையைக் கையால் பொத்தினேன். "என்னதுங்க டாக்டர்?"

ஓடை வரைக்கும் ஒற்றைக் கையில்தான் வண்டியைப் பிடித்தேன். அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கை மெதுவாகத் தளர்ந்தது. "ஒண்ணுமில்ல," என்றார்.

வீட்டுக்கு வந்து அவர் குளிக்கப் போனதும் கொல்லைப்பக்கம் போனேன். அவர் சம்சாரம் துவைகல்லுக்குப் பக்கத்தில் நின்றார். முடிச்சையும் வளையல் துண்டையும் எடுத்து நீட்டினேன். பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"வச்சது வச்சபடி இருக்குன்னு சொன்னீங்களே பாய்."

"தெரியாமச் சொன்னேம்மா."

"பூசாரிதான் சொன்னாரு. அந்தப் பொண்ணு எறந்த எடத்துலயே மண்ணெடுத்து வண்டிக்குள்ள வைக்கச் சொன்னாரு. யார் கையும் படக்கூடாது, வாய் தொறக்கக் கூடாதுன்னாரு. அவுக ராத்திரியெல்லாம் தூங்காம உக்காந்திருக்கிறதப் பாத்து எனக்கு வேற வழி தெரியல." அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்டார். "அந்தப் பிள்ளை என்னாலயா பாய் போச்சு?"

"சல்லடையத் தூக்கி எறிஞ்சவன் நான். மேட்டுல ஓட்டிப் பாக்க மாட்டேன்னு சொன்னவனும் நான். ஒங்க துணி வெறும் துணிம்மா. டாக்டருக்குத் தெரியாது, தெரிய வேணாம்."

அவர் சத்தம் வராமல் அழுதார். நான் சொன்னதில் பொய் எது, நிஜம் எது என்று அன்றைக்கே எனக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. வளையல் துண்டை மறுபடி மண்ணோடு வைத்து முடிந்துகொண்டார்.

டாக்டர் ஊரைவிட்டுப் போகவில்லை. பெட்டியிலிருந்து புத்தகங்களை எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினார். ஆனால் என் பட்டறைப் பக்கம் வரவில்லை. வண்டியைத் திருச்சிக்கு அனுப்பி வேலை பார்த்தார். இலுப்பூர் பாய் என்று கூப்பிட்டு டாங்க்கில் துணியைவிட்ட கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள் மற்ற மெக்கானிக்குகள். வலிக்கத்தான் செய்தது. ஆறு ஏழு வருஷம் அப்படியே போனது. அந்தப் பாதையில் பஸ் விட்டார்கள், டாக்டருக்கு மூன்று பிள்ளைகள், ஒரு கார் வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

ஒருநாள் காலையில் ஒரு வாலிபர் அந்தப் பழைய பட்டாளத்து வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். டாக்டரின் கம்பவுண்டராம். கார் போகாத ஊர்களுக்கு இப்போது அவர்தான் அதில் மருந்து கொண்டு போகிறாராம். ஒரு வாரமாகக் கிளம்பவில்லை.

"திருச்சிக்குத்தானே போகும்?" என்றேன். குத்தல்தான்.

"இல்லிங்க பாய். ஒங்ககிட்டதான் கொடுக்கணும்னு டாக்டர் சொன்னாரு. வேற மெக்கானிக் யாரும் டாங்க்குல கை வைக்கக் கூடாதுன்னும் சொன்னாரு."

கிளம்பாததற்குக் காரணம் மேக்னெட்டோவில் ஈரம். கால் மணி வேலை. வேலை முடிந்தும் டாங்க்கை விட்டு என் கண் நகரவில்லை. மூடியைத் திறந்தேன். அடியில் துவாரத்தின் மேல் புதுப் பித்தளைச் சல்லடை பளிச்சென்று நின்றது. வேறொன்றும் தெரியவில்லை. விரலை உள்ளே விட்டு டாங்க் வாயின் உள்விளிம்பைத் தடவினேன். யாரோ அங்கே ஊசி நுழைகிற அளவு ஒரு துளை போட்டிருந்தார்கள். அதில் ஒரு நூல். நூலை இழுத்தால் துணி முடிச்சு. எப்படி ஆடினாலும் துவாரம் வரைக்கும் எட்டாத அளவுக்குக் குட்டையாகக் கட்டி, மேலிருந்து கண்ணில் படாதபடி வாயின் ஓரத்திலேயே தொங்கவிட்டிருந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். கறுப்புப் பட்டு நூல். முதலில் ரெண்டு சுற்று, பிறகு எதிர்ப்பக்கமாக ஒரு சுற்று. என் கட்டைவிரலில் அந்த முடிச்சின் தழும்பு இன்னும் இருக்கிறது.

மோர் குடிக்கும்போது அவர் ஏன் என் விரல்களைப் பார்த்தார் என்று அப்போதுதான் உறைத்தது. எந்த மெக்கானிக்கின் கைத்துணியும் விரலில் மஞ்சள் ஒட்டவைக்காது. அன்றைக்கே தெரிந்துகொண்டாரோ, பிறகோ. சம்சாரத்திடம் கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. பழியை என்மேலேயே விட்டுவைத்துவிட்டு, சம்சாரம் மறுபடி உள்ளே போட்டிருக்க வேண்டும், அதைத் தூக்கி எறியாமல் தன் கையாலேயே கட்டி வைத்திருக்கிறார், யாருக்கும் இடைஞ்சல் இல்லாத மாதிரி. அந்தக் கொட்டகையில் அத்தனை பேர் முன்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெட்ரோல் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

மூடியைப் போட்டுத் திருகினேன். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கும்போது டாங்க் லேசாக ஆடியது.

கம்பவுண்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். "என்ன பாய், வளையல் சத்தம் மாதிரி கேட்டுச்சு. உள்ள எல்லாம் சரியா இருக்கா?"

"வச்சது வச்சபடி இருக்குன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க," என்றேன். "அம்மாகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்."